கணக்கு தப்பினால் இட்லி சொல்லும்: அடுக்களையில் பிள்ளைகளுக்குக் கணிதம்

இட்லிக்கு ஊறப்போடும் சனிக்கிழமை அது. நாலாம் வகுப்பு படிக்கும் மூத்த மகளிடம், "வழக்கமா நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. இன்னிக்கு டப்பாவுல மூணு டம்ளர் அரிசிதான் இருக்கு. உளுந்து எவ்வளவு போடணும்?" என்று கேட்டேன்.

"அரிசியில ஒண்ணு குறையுது. அப்போ உளுந்துலயும் ஒண்ணு குறைக்கணும்" என்றாள். ஒன்றில் ஒன்று போனால் பூஜ்யம். பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆச்சி, "ஏட்டி, உளுந்தே இல்லாம அவிச்சா அது இட்லியா, கல்லா?" என்று கேட்டார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தாள். நான்கு காலி டம்ளர்களை வரிசையாக வைத்து, ஒரு டம்ளர் உளுந்தைக் கரண்டி கரண்டியாக நாலிலும் சமமாகப் போட்டாள். நாலாவதைத் தள்ளி வைத்துவிட்டு, மற்ற மூன்றையும் ஒன்றாகக் கொட்டிப் பார்த்தாள். முக்கால் டம்ளர்.

விகிதம் என்ற பாடத்துக்கு அவள் பள்ளியில் இன்னும் வரவில்லை. கழித்தலை வைத்துப் போட்ட கணக்கைப் பெருக்கல், வகுத்தலுக்கு மாற்ற வேண்டும் என்று நான் விளக்கியிருந்தால் ஒன்றும் ஏறியிருக்காது. உளுந்து இல்லாத இட்லியை நினைத்துப் பார்த்ததும் தப்பு அவளுக்கே தெரிந்துவிட்டது. அடுக்களைக் கணக்கின் வசதியே இதுதான்: விடையைத் திருத்துகிற வேலையைப் பாத்திரம் பார்த்துக்கொள்ளும், நாம் சும்மா இருந்தால் போதும். வீட்டில் இதை ஆரம்பிக்க நினைப்பவர்களுக்காக, நான் செய்துபார்த்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் சில ஏற்பாடுகள்

பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரே அளவுள்ள நாலு எவர்சில்வர் டம்ளர், மில்லி கோடு போட்ட ஒரு ஜாடி, 5 மில்லி டீஸ்பூன், 15 மில்லி டேபிள்ஸ்பூன், ஒரு தையல் டேப். செலவு செய்யலாம் என்றால் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. அதில் பாத்திரத்தின் எடையைப் பூஜ்யமாக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். அதை உடனே காட்டிக்கொடுக்காதீர்கள். முதல் சில வாரம் வெறும் பாத்திரத்தை நிறுத்து எழுதி, அரிசி போட்டு நிறுத்து எழுதி, கழித்துப் பார்க்கட்டும். கழித்துக் கழித்து அலுத்துப்போன ஒரு நாளில் பொத்தானைக் காட்டினால், அது என்ன செய்கிறது என்று நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

பாதுகாப்புக்கு எங்கள் வீட்டுச் சட்டம் இது: அடுப்பு, மிக்ஸி, அரிவாள்மணை, கொதிக்கிற எண்ணெய் ஆகிய நான்கும் பெரியவர்கள் கையில் மட்டும். மிளகாய் அரிந்த பலகையைக் கழுவிய பிறகுதான் பிள்ளைகள் உள்ளே வரலாம். குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்வரை வேர்க்கடலை, கொண்டைக்கடலையை எண்ணக் கொடுக்க வேண்டாம். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மூக்கில் போட்டுக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. எண்ணுவதற்குக் கரண்டி இருக்கிறது, தட்டு இருக்கிறது.

இன்னொன்று. முதல் மாதம் நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். பூண்டு உரிக்கும்போது "ஏழெட்டு எவ்வளவு? ஒன்பதாறு எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டே வாரத்தில் பிள்ளை அடுக்களைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். வாய்ப்பாடு ஒப்பிக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. இங்கே, விடை தெரியாவிட்டால் சமையல் நகராது என்கிற கேள்வியை மட்டும் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

மூன்று வயது முதல் ஆறு வயது வரை

இந்த வயதில் எண்களைச் சொல்லத் தெரிவது வேறு, எண்ணத் தெரிவது வேறு. இருபது வரை மளமளவென்று ஒப்பிக்கிற பிள்ளை, ஆறு கரண்டியை எண்ணச் சொன்னால் ஒன்றை இரண்டு தடவை தொடும், ஒன்றைத் தாண்டிப் போகும். இதற்குச் சாப்பாட்டு நேரத்தை விட நல்ல பயிற்சி இல்லை. "நாம அஞ்சு பேர், தட்டு எடுத்து வை" என்றால் போதும். ஒரு தட்டு குறைந்தால் ஒருவர் தட்டில்லாமல் உட்கார்ந்திருப்பார். தாத்தாவைத் தட்டில்லாமல் உட்கார வைத்த அன்று என் சின்னவன் எண்ணக் கற்றுக்கொண்டான் என்றே சொல்லலாம்.

அப்புறம், டம்ளரும் டபராவும். சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளிடம் செய்துபார்த்த ஒரு சோதனை உலகம் முழுக்கப் பிரபலம். அதற்கு வேண்டிய சாமான் காபி குடிக்கிற எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒரே அளவு டம்ளர் இரண்டில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டு, ஆமாம் என்று சொல்ல வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை அவன் கண்முன்னாலேயே அகலமான டபராவில் ஊற்றுங்கள். இப்போது எதில் அதிகம்? நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் டம்ளரைக் காட்டும், அதில்தானே உயரம் அதிகம். திரும்ப டம்ளரிலேயே ஊற்றிக் காட்டினால் "இப்போ ரெண்டும் ஒண்ணு" என்பான் என் மகன், கூச்சமே இல்லாமல்.

இதைத் திருத்தப் போகாதீர்கள். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற புரிதல் பல பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயதில் வருகிறது. நாலு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றிக் காட்டிக் கேட்டுவிட்டு, சொன்ன பதிலைக் குறித்து வையுங்கள். ஒரு நாள் "என்னம்மா, அதே தண்ணிதானே?" என்று உங்களைப் பாவமாகப் பார்ப்பான்.

இதே வயதில் நீளத்தையும் ஆரம்பிக்கலாம். முருங்கைக்காயை "ஒரு விரல் நீளத்துக்கு" நறுக்க வேண்டும் என்று சொல்லி, எங்கெங்கே நறுக்குவது என்று அவனைக் கோடு போடச் சொன்னேன். அவன் விரலுக்கு ஒரே காயில் 11 துண்டு வந்தது. என் விரலுக்கு 7. ஒரே காய்தான், எண் மட்டும் ஏன் வேறு? அன்று தையல் டேப்பை எடுத்துக் கொடுத்தபோது சென்டிமீட்டர் எதற்காக இருக்கிறது என்று நான் பாடம் எடுக்கவில்லை.

காலும் அரையும்

பின்னங்களில் பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். எட்டு நாலை விடப் பெரியது, ஆகவே எட்டில் ஒன்று நாலில் ஒன்றை விடப் பெரியது. இதற்கு மருந்து சப்பாத்தி. ஒன்றை இரண்டாகப் பிய்த்து, அதையே நாலாகப் பிய்த்து, எட்டாகப் பிய்த்துத் தட்டில் வையுங்கள். "உனக்குக் கால் வேணுமா, அரைக்கால் வேணுமா?" பசியோடு இருக்கிற பிள்ளை தப்பாகச் சொல்லாது.

அரைக்கால் என்ற சொல்லைக் கவனித்தீர்களா? காலில் பாதி என்பது பெயரிலேயே இருக்கிறது. அரையும் காலும் பெருகினால் எட்டில் ஒன்று என்பதைப் பெயர் வைத்தவர்களே போட்டுவைத்துவிட்டார்கள். என் மகள் பள்ளியில் 'ஒன் பை எயிட்' என்கிறாள். அந்தச் சொல்லில் தவறில்லை, ஆனால் அதற்குள் பாதியும் இல்லை, காலும் இல்லை. வீட்டில் தமிழ்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், செலவில்லாத உதவி. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு விளையாட்டு: மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் மாகாணி. அது எவ்வளவு? ஆறாம் வகுப்புப் பிள்ளை தாளில் போட்டால் 1/16 வரும். அரைக்காலில் சரிபாதி.

எங்கள் ஆச்சி இன்றைக்கும் பித்தளை உழக்கால்தான் அரிசி அளக்கிறார். 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். கடைசி ஒன்றைத் தவிர எல்லாமே இரட்டிப்பு. இதை மனப்பாடம் பண்ண வைக்க வேண்டியதில்லை. உழக்கு இருந்தால், ஒரு படி அரிசியை எத்தனை தடவையில் காலி செய்யலாம் என்று அளந்து பார்க்கட்டும். படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும். அதனால் உங்கள் வீட்டு உழக்கில் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று தண்ணீர் ஊற்றிக் கண்டுபிடிப்பது தனி வேலையாகவே வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டு உழக்கில் 335 மில்லி பிடித்தது. மகள் அதைப் பெருக்கிப் படிக்கு 1340 மில்லி என்றாள். ஆச்சி நம்பவில்லை. படியிலேயே தண்ணீர் ஊற்றி அளந்த பிறகுதான் விட்டார்.

பெருக்கலுக்கு இட்லித்தட்டு, பணியாரச் சட்டி

ஒரு தட்டில் 4 குழி, மூன்று தட்டு. ஒரு ஈடுக்கு 12 இட்லி. இது வெறும் மூன்று நாலு பன்னிரண்டு. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைக்கிற கேள்வி இது: "அஞ்சு பேர், ஆளுக்கு மூணு இட்லி. எத்தனை ஈடு ஊத்தணும்?" 15-ஐ 12-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 3. நோட்டுப் புத்தகத்தில் இதை எழுதிக் கோடு போட்டால் வேலை முடிந்தது. அடுக்களையில் அந்த மீதி மூன்று இட்லியும் யாரோ ஒருவருடைய காலைச் சாப்பாடு. ஆகவே இரண்டு ஈடு. மீதி என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் சரியாகப் பிடித்துக்கொண்டது எங்கள் வீட்டில் இப்படித்தான். முட்டை அட்டையும் இதே ரகம்: 5 வரிசை, வரிசைக்கு 6, மொத்தம் 30. அட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் 6 வரிசை, வரிசைக்கு 5. மொத்தம் மாறியதா?

பணியாரச் சட்டிக்கு வேறு ஓர் அழகு உண்டு. ஏழு குழிச் சட்டியில் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஏன் ஆறு? ஐந்தோ ஏழோ இருக்கக்கூடாதா? ஏழு ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுங்கள். ஒன்றை நடுவில் வைத்து, மற்றவற்றைச் சுற்றி ஒட்ட வைக்கச் சொல்லுங்கள். சரியாக ஆறுதான் கொள்ளும். இடைவெளியும் விழாது, நெருக்கடியும் இருக்காது. டம்ளரை வைத்தாலும் ஆறு, சப்பாத்தியை வைத்தாலும் ஆறு. ஒரே அளவு வட்டமாக இருந்தால் போதும். ஏழாம் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைக்கும் இந்தச் சட்டி உதவும். ஒவ்வொரு ஈடும் ஒரு ஏழு.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து மூலை கிடைக்கும். ஆறு மூலை வந்தால் அதை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், சின்னவன் இப்போது அதைத் தேடியே காய் நறுக்கும் இடத்தில் வந்து உட்காருகிறான்.

எது இரட்டிக்கும், எது இரட்டிக்காது

எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் இருக்கிற பிள்ளைகளுக்கு என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. மகளிடம் கேட்டேன்: "ஒரு முட்டை வேக பத்து நிமிஷம். அஞ்சு முட்டை வேக எவ்வளவு நேரம்?"

"அம்பது" என்றாள், யோசிக்காமல்.

"சரி" என்று சொல்லிவிட்டு, ஐந்து முட்டையை ஒரே பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததும் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். பத்தாவது நிமிடத்தில் ஒன்றை எடுத்து உடைத்தோம். நன்றாக வெந்திருந்தது. அடுத்த நாள் தோசை. ஒரு தோசைக்கு மூன்று நிமிடம் என்றால் ஐந்து தோசைக்கு? முட்டையில் அடிபட்ட அனுபவத்தில் "மூணு நிமிஷம்தான்!" என்றாள் அவசரமாக. வீட்டில் ஒரு தோசைக்கல்தான் இருக்கிறது. 15 நிமிடம் ஆனது.

ஏன் ஒன்றில் பெருக்க வேண்டும், இன்னொன்றில் கூடாது? முட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேகின்றன, தோசை ஒன்றன் பின் ஒன்றாக வேகிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளை, பின்னால் "10 பேர் 6 நாளில் முடிக்கும் வேலையை..." என்று ஆரம்பிக்கும் கணக்குகளைக் கண்டு மிரளாது.

அதன் பிறகு குறிப்பு ஒன்றைக் கொடுத்து இரட்டிக்கச் சொல்லுங்கள். ரவை உப்புமா நல்லது. ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் என்றால், இரண்டு டம்ளருக்கு ஐந்து. ஒன்றரைக்கு? மூன்றே முக்கால். இது கொஞ்சம் கஷ்டம், பிள்ளைகள் ஒன்றுக்கு இரண்டரை, அரைக்கு ஒன்றேகால் என்று பிரித்துக் கூட்டினால் தடுக்காதீர்கள், அது நல்ல வழி. ஒருமுறை என் மகள் ரவையையும் உப்பையும் இரட்டித்துவிட்டுத் தண்ணீரை மறந்துவிட்டாள். உப்புமா கட்டி தட்டிப்போனது. கரண்டியால் குத்தி எடுத்து எல்லோரும் சாப்பிட்டோம். அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் எழுதி டிக் போடுகிறாள்.

வட்டம்

சம்படம், டப்பா, குக்கர் என்று எது கிடைத்தாலும் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். நூலால் ஒரு சுற்றுச் சுற்றி அந்த நீளத்தை அளக்க வேண்டும். பிறகு குறுக்கே அளக்க வேண்டும். சுற்றளவைக் குறுக்களவால் வகுத்தால் எல்லா மூடிக்கும் மூன்றும் கொஞ்சமும் வரும். எங்களுக்கு 3.1, 3.2, 3.1 என்று வந்தது. நூல் கொஞ்சம் நெகிழ்ந்தால் விடையும் நெகிழும், பரவாயில்லை. இந்த அட்டவணையைப் போட்டு வைத்திருந்தால், ஏழாம் வகுப்பில் 22/7 வரும்போது அது வானத்திலிருந்து விழுந்த எண்ணாகத் தெரியாது.

தோசையில் பரப்பளவு. ஒரு கரண்டி மாவில் 15 சென்டிமீட்டர் தோசை வருகிறது. அதே கனத்தில் 30 சென்டிமீட்டர் தோசைக்கு எத்தனை கரண்டி? பெரியவர்களே இரண்டு என்பார்கள். இரண்டு கரண்டியை ஊற்றிப் பரத்திப் பாருங்கள், 21 சென்டிமீட்டர் வரும்போதே மாவு தீர்ந்துவிடும். அகலம் இரட்டித்தால் மாவு நாலு மடங்கு. ஓட்டலில் ஃபேமிலி ரோஸ்ட் விலையைப் பார்க்கும்போது இது ஞாபகம் வரும்.

பலசரக்குக் கணக்கு

மளிகைச் சாமானை அடுக்கும் நாளில் பத்து நிமிடம் போதும். ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டில் 910 கிராம் என்றும் அச்சிட்டிருப்பார்கள். லிட்டர் என்றால் கிலோ என்று நினைத்திருக்கும் பிள்ளைக்கு இது ஆச்சரியம். அதே அளவு தண்ணீரையும் எண்ணெயையும் நிறுத்துப் பார்க்கட்டும். அப்புறம் ஒரே பொருளில் சின்னப் பாக்கெட்டையும் பெரிய பாக்கெட்டையும் கொடுத்து, 100 கிராமுக்கு எதில் விலை குறைவு என்று கேளுங்கள். இப்போது பல பாக்கெட்டுகளில் கிராமுக்கு இவ்வளவு என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கணக்குப் போடட்டும், விரலை எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும். எப்போதும் பெரிய பாக்கெட்டே லாபம் இல்லை என்பதும் சில சமயம் தெரியவரும்.

தசமத்துக்குச் சமையல் எரிவாயு சிலிண்டர். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. வெறும் சிலிண்டரின் எடை அதன் மேல்பகுதியிலேயே எழுதியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். 15.9 என்று இருந்தால் மொத்தம் 30.1 வர வேண்டும். சிலிண்டர் கொண்டுவருபவரிடம் நிறுத்துக் காட்டச் சொல்லலாம், பிள்ளை பக்கத்தில் நின்று எண்ணைப் படிக்கட்டும்.

மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம்தான். அதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் கடைசி மூன்று சிலிண்டர்கள் 43, 51, 47 நாள் ஓடின. மகள் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, 47 நாள் என்று காலண்டரின் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டிருக்கிறாள். ஊரிலிருந்து சித்தி குடும்பம் வந்து ஐந்து நாள் இருந்ததால் அவ்வளவு ஓடாது என்பது சின்னவன் கட்சி. அவன் எழுதியிருப்பது 44. இன்றைக்கு 42ஆவது நாள். சுடர் இன்னும் நீலமாகத்தான் எரிகிறது.